ஆளைக் காணாமல் ஒப்பம் வாங்காத அன்ரி

அன்ரியின்ர பேரை நான் இதில எழுதேல்லை. அவ இருந்திருந்தா, என்னைக் கேக்காமல் என்ர பேரை எப்பிடியடி பேப்பரில போட்டனி எண்டு கேட்டிருப்பா. இப்ப கேக்க ஏலாது. போன மாசம் செத்துப்போனா. வேலைக்குப் போறதெண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில இருந்தவ, பேந்து எழும்பேல்லை.

முப்பத்தியோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலருக்கு அன்ரியின்ர மனுசன், அங்கிள், என்னட்டயும் நாலு வரி கேட்டவர். எழுதிக் குடுத்தன். அன்பும் பண்பும் நிறைந்த எண்டு எல்லாரும் எழுதுறமாதிரித்தான் எனக்கும் வந்துது. திருப்பி வாசிக்க வேற ஆரோ ஒரு மனிசியைப் பற்றி எழுதினமாதிரிக் கிடந்துது. நான் ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டனான். தமிழ் படிச்சது கோயில் மண்டபத்தில சனிக்கிழமை வகுப்பில. கதைக்கிறமாதிரித்தான் எழுத வரும். அதால அந்த நாலு வரி மலருக்கு, இது எனக்கு. வாசிக்கிற ஆக்கள் வாசியுங்கோ. என்ர அண்ணான்ர கதையும் இதில வரும். அவனைக் கேட்டிட்டன். எழுது எண்டவன்.

கனடாவில, என்.டி.ஜி. எண்ட பகுதியில மூண்டு மாடி செங்கல் பில்டிங். நாங்கள் ரெண்டாம் மாடி, அன்ரியும் அங்கிளும் மூண்டாம் மாடி. அன்ரி கட்டை. நடக்கேக்க படியில ஒரு சத்தம் வரும், வலது கால் கொஞ்சம் பாரமா விழும். கழுத்தில ரெண்டு கயிறு தொங்கும். ஒண்டு மாதா படம் வச்ச உத்தரியம், மற்றது பேனை. நீலப் பேனை. டோர்வலில விமானத்துக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில வேலை செய்தவ. அங்க பேனை சாப்பாட்டுக்குள்ள விழக்கூடாதெண்டு எல்லாருக்கும் கயிறு குடுக்கிறவை. மற்ற ஆக்கள் வேலை முடியக் கழட்டி வைப்பினம். அன்ரி வீட்டையும் அதோடதான் வருவா. பூசைக்கும் அதோடதான் போவா.

அந்தப் பேனையால அவ தன்ர பேரைத் தவிர வேற ஆற்ர பேருக்கும் ஒப்பம் போட்டதில்லை. வேற ஆரும் இன்னொருத்தருக்குப் போடவும் விடமாட்டா. கலியாணத்துக்குக் குடுக்கிற என்வலப்பில அங்கிளின்ர பேரைக்கூட அவர்தான் எழுதோணும். அங்கிள் காய்ச்சலில கிடந்தாலும் எழுப்பி எழுதுவிப்பா. ஒருக்கா ஆற்றையோ பிறந்தநாள் கார்ட்டில நான் எங்கட வீட்டுக்காரர் மூண்டு பேருக்கும் சேத்து எழுதிப்போட்டன். அவ அதைப் பாத்திட்டு, வாழ்த்துறது மூண்டு பேரோ, இல்லை நீ மட்டுமோ எண்டு கேட்டா. பகிடியாக் கேக்கேல்லை.

அவ செய்த வேலையில ஒரு தாள் இருக்கு. பெரிய குளிர் அறையில எத்தினை பாகை எண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாத்து எழுதி ஒப்பம் போடோணும். எல்லாரும் என்ன செய்வினமெண்டா, காலமை வந்த உடன எட்டு மணித்தியாலத்துக்கும் சேத்து எழுதிப்போட்டு வேலையைப் பாப்பினம். அன்ரி மட்டும் மணிக்கு மணி கையைத் துடைச்சுக்கொண்டு போய் முள்ளைப் பாத்திட்டு வந்து எழுதுவா. அதால அவவின்ர வரிசையில சாப்பாட்டுத் தட்டு பிந்தும், மேற்பார்வைக்காரன் கத்துவான். ஒருநாள் அந்த அறை மத்தியானத்தோட பழுதாப் போச்சு. அப்பவே தாளுகளை எடுத்துப் பாத்தா, எல்லாற்ற தாளிலயும் பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் நல்ல குளிராம். அன்ரியின்ர தாளில மட்டும் பன்னிரண்டுக்குப் பிறகு வெறுமை. மேற்பார்வைக்காரன் முதல்ல அவவைத்தான் கூப்பிட்டுப் பேசினவன், ஏன் நிரப்பேல்லை எண்டு. இதைச் சொல்லிச் சொல்லி அவ சிரிப்பா. சிரிக்கேக்க அந்தப் பேனை ஆடும்.

என்னை அவ பிடிச்சது எனக்குப் பதின்மூண்டு வயசில. றிப்போட்டில எல்லாம் சிவப்பு. அம்மா தையல் பக்டரியால வந்து அதைப் பாத்தா அழுவா எண்டு நானே அம்மான்ர ஒப்பத்தைப் போட்டிட்டன். கீழ தபால்பெட்டியடியில பையைத் திறக்க அது விழுந்துது. அன்ரி எடுத்தா. வெளிச்சத்துக்குப் பிடிச்சா. உன்ர அம்மா கடைசி எழுத்தில வால் இழுத்து மேல கோடு கீறுறவவோ எண்டு கேட்டா. 

"உனக்கு இதில என்ன ஸ்ரைல்? கள்ளனுக்கு ஸ்ரைல் கூடாது பிள்ளை, பிடிபட்டுப் போவான்."

அண்டைக்குப் பின்னேரம் அம்மா வர முதலே எங்கட கதவடியில வந்து நிண்டா. அம்மாவை இருத்தி, றிப்போட்டை விளங்கப்படுத்தி, என்ர கள்ள ஒப்பத்துக்குப் பக்கத்தில அம்மான்ர உண்மை ஒப்பத்தைப் போடுவிச்சா. என்ர ஒப்பத்தை அழிக்க விடேல்லை. செய்தது செய்ததாத் தெரியோணுமாம். அடுத்தநாள் ரீச்சர் கேட்டா இதில எது உன்ர அம்மான்ர எண்டு. நான் ரெண்டும் எண்டு சொன்னன்.

இப்ப ஒரு கடையின்ர கதைக்கு வாறன்.

எங்கட றோட்டு மூலையில ஒரு தளபாடக் கடை பூட்டிக் கிடந்தது. அதில வீடில்லாத ஆக்கள் வந்து பேர் பதியிற இடம் திறக்கப்போகினம் எண்டு எல்லாற்ற பெட்டியிலயும் கடிதம் வந்துது. றோட்டில கிடக்கிற ஆக்கள் முதல்ல அங்க வருவினம், ஆரெண்டு சொல்லிப் பதிவினம், எங்க கட்டில் இருக்கெண்டு பாத்து அனுப்புவினம். அவ்வளவுதான். ஆனா அக்கம்பக்கம் கொதிச்சுப்போச்சு. வெள்ளைக்காரக் கிழவியள் பல்கனியில வேண்டாமெண்டு எழுதி மட்டை கட்டினவை. எதிர்ப்பக்கத்தில கார்டறி எண்டு பிள்ளை பாக்கிற இடம் நடத்திறவ பிள்ளையளின்ர தாய்மாரைக் கூட்டிக் கதைச்சவ. வாடகை வாங்கிற வீட்டுக்காரர் எங்கட கட்டடத்துக்கு வந்து முதல்தரம் எல்லாருக்கும் கை குடுத்தவர்.

வேண்டாமெண்டு நகரசபைக்குக் குடுக்கிற பேப்பரில தமிழ் ஆக்களிட்ட ஒப்பம் வாங்கிறது ஆர் எண்டு கதை வர, எல்லாரும் அன்ரியைத்தான் காட்டினவை. அவவுக்கும் அந்த இடம் வாறது துண்டா விருப்பமில்லை. அந்தப் பனிக்காலம் ஒரு விடியக்காலை எங்கட பில்டிங்கின்ர ரெண்டு கதவுக்கும் இடையில ஒரு மனுசன் வெறியில படுத்திட்டான். அவன்ர கால் கதவை முட்டிக்கொண்டு கிடந்தது. அன்ரி உள்ளுக்கு நிண்டு தட்டித் தட்டிப் பாத்து, பயத்தில முக்கால் மணித்தியாலம் நிண்டவ. பதினொரு வருசத்தில அண்டைக்குத்தான் முதல்முதல் வேலைக்குப் பிந்தினவ. அவவின்ர பயம் பொய்ப் பயமில்லை.

வைகாசி மாதா மாசம். எங்கட சனத்தில அந்த மாசம் மாதா சிலையை, நாங்கள் சுருவம் எண்டுறது, வீடு வீடாக் கொண்டுபோறது வழக்கம். ஒரு நாள் ஒரு வீடு. பின்னேரம் கொண்டுவந்து வச்சுச் செபமாலை சொல்லி, அடுத்தநாள் மற்ற வீட்டுக்குக் கொண்டுபோறது. எந்த வீட்டுக்கு எப்ப எண்டு அன்ரிதான் கொப்பியில வச்சிருக்கிறவ. அந்த வருசம் பாட்டுப் புத்தகத்தோட அந்த எதிர்ப்புப் பேப்பரும் போச்சு. செபம் முடிய, தேத்தண்ணி குடிக்கேக்க, பேப்பரை எடுப்பா. மாதாவைக் கொண்டுவந்த ஆளுக்கு ஆர் மாட்டன் எண்டு சொல்லுறது? கீழ்மாடி ரக்சி ஓடுற அண்ணை மட்டும் பகிடியாக் கொஞ்சம் சொறிஞ்சவர். மாதாவும் ஒருக்கா இப்பிடி வீடு வீடாத் தட்டிக்கொண்டு நிண்டவதானே அக்கா, அவவுக்கும் இடமில்லை எண்டுதானே அனுப்பினவை எண்டார்.

"அவ குடிச்சிட்டு வந்து வாசலில படுக்கேல்லை. நீர் போடும் ஒப்பத்தை."

அண்ணை சிரிச்சுக்கொண்டு போட்டவர். அவற்ற மனிசிக்கும் தானே போட வெளிக்கிட, அன்ரி பேனையைப் பறிச்சிட்டா. மனிசி குளிச்சு முடியும் வரைக்கும் இருந்து வாங்கிக்கொண்டுதான் எழும்பினவ.

எங்கட வீட்டுக்கு மாதா வந்தது அந்த மாசக் கடைசியில. வீட்டில நாங்கள் மூண்டு பேர் எண்டு ஊருக்குக் கணக்கு. உண்மையில ரெண்டு பேர்.

அண்ணா நவம்பரில வெளிக்கிட்டவன். விமானம் கூட்டித் துடைக்கிற வேலை செய்தவன், அது போச்சு. பேந்து குடி. அப்பா முந்தியே இல்லை. அம்மா ஒருநாள் ஏலாமல், இந்த வீட்டில இனி நிக்காத, போ எண்டு சொன்னா. எத்தினையோ தாய்மார் சொல்லுறதுதான். அவன் வெளிக்கிட்டுப் போட்டான். கோபத்தில ரன்னிங் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போட்டான். ஸ்நோ சப்பாத்துக் கதவடியிலயே கிடந்தது. ரெண்டு நாளில வருவான் எண்டு அம்மா இருந்தா. ரெண்டு கிழமை. பேந்து ஆக்கள் கேக்கத் துவங்கிச்சினம். அம்மா இரவு வேலை எண்டா. பகலில நித்திரை எண்டா. அந்தச் சப்பாத்தை எடுத்து வைக்கவும் இல்லை. ஆள் வீட்டில இருக்கிறமாதிரி அது அதிலயே கிடந்தது.

செபம் முடிய அன்ரி பேப்பரை எடுத்தா. எனக்குப் பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம். இனி நீயும் ஆள் எண்டு சொல்லிப் பேனையைக் கழுத்தால கழட்டித் தந்தா. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பெருமையாத்தான் இருந்துது. அம்மாவும் போட்டா. உம்மட பொடியன் எங்க எண்டு கேட்டா அன்ரி. வேலைக்குப் போட்டான் அக்கா, விடிய வந்து ஒப்பம் போடுவான், பேப்பர் கிடக்கட்டும் எண்டு அம்மா சொன்னா. அன்ரி யோசிச்சா. அவ பேப்பரை எந்த வீட்டிலயும் விட்டிட்டுப் போறவ இல்லை. பேந்து சுருவத்தைப் பாத்தா. சரி, மாதாவடியில கிடக்கட்டும், நாளைக்கு ரெண்டையும் சேத்துக் கொண்டுபோறன் எண்டிட்டுப் போட்டா. மாதாவுக்கு முன்னால ஆர் பொய் எழுதப்போகினம் எண்டு நினைச்சிருக்கிறா.

அடுத்தநாள் காலமை அம்மா என்னைப் பாத்தா. பேப்பரைப் பாத்தா. மாதாவுக்கு முன்னால எரிஞ்சுகொண்டிருந்த மெழுகுதிரியை ஊதி அணைச்சா. எனக்கு விளங்கிச்சுது. அண்ணான்ர பேரை எழுதி, அவன்ர ஒப்பத்தைப் போட்டன். எழுதி முடியத்தான் எனக்கே உறைச்சுது நான் என்ன செய்தனான் எண்டு. அந்த இடம் வேண்டாமெண்டு நான் போட்டது, றோட்டில கிடக்கிற ஒருத்தன்ர ஒப்பம்.

அன்ரி பின்னேரம் வந்து பேப்பரைப் பாத்தா. மடிச்சுக் கைப்பையில வச்சா. சுருவத்தைத் தூக்கிக்கொண்டு போட்டா. போகேக்க கதவடியில கிடந்த சப்பாத்துக்கு மேலால காலைத் தூக்கி வச்சு, வைகாசியிலயும் ஸ்நோ சப்பாத்து ஏன் வெளியில கிடக்கு எண்டு மட்டும் கேட்டா. எடுத்து வைக்க நேரமில்லை அக்கா எண்டா அம்மா.

அடுத்த சனிக்கிழமை அம்மா உடுப்புத் தோய்க்கக் கீழ போன நேரம் பாத்து அன்ரி இறங்கி வந்தா. இருக்கச் சொல்ல இருக்கேல்லை. பேப்பரைக் குசினி மேசையில விரிச்சு அண்ணான்ர பேருக்கு நேர விரலை வச்சா.

"இது ஆற்ர கை?"

"அண்ணான்ர."

"வாலைப் பார். இந்த வாலை நான் எத்தினை வருசத்துக்கு முதல் கண்டனான்."

நான் அழுதிட்டன். பிடிபட்டதுக்கில்லை. ஏழு மாசமா ஒருத்தருக்கும் சொல்லாததை ஒரு ஆள் கேக்குது எண்டு அழுதன். எல்லாம் சொன்னன். மாசியில நான் அவனைக் கண்டதையும் சொன்னன். அதை அம்மாவுக்கே சொல்லேல்லை. என்னோட வேலை செய்யிற பெட்டையளோட மெற்றோவில இறங்கி வாறன், வாங்கில இருக்கிறான். தாடி. என்னைக் கண்டவன். நான் தெரியாதமாதிரிப் போட்டன். பெட்டையள் கேப்பினம் எண்ட வெக்கத்தில. மேல ஏறிப்போய், பேந்து ஓடி வந்து பாத்தன். ஆள் இல்லை.

அன்ரி என்னைக் கட்டிப்பிடிக்கவுமில்லை, ஏசவுமில்லை.

"என்ன சப்பாத்துப் போட்டிருந்தவன்?"

"ரன்னிங் சப்பாத்து."

"மாசி மாசத்திலயோ?"

"ஓம்."

கதவடிக்குப் போனா. குந்தி இருந்து அண்ணான்ர ஸ்நோ சப்பாத்துக்குள்ள கையை விட்டா, ஈரமோ எண்டு பாக்கிறமாதிரி. கனநேரம் கையை எடுக்கேல்லை. அப்பிடியே நிலத்தில இருந்துகொண்டுதான் தன்ர கதையைச் சொன்னா. நான் கேக்கேல்லை, அவவாச் சொன்னா.

கனடாவுக்கு வந்த புதுசில அகதி போர்ம் ஒண்டு. இவவுக்கு அப்ப இங்கிலிசு வாசிக்கத் தெரியாது. எங்கட பொடியன் ஒருத்தன், நல்ல பொடியன், ஒரு நாளில பத்துப் பேருக்கு நிரப்பிக் குடுக்கிறவன். முன்னால போன பெட்டையின்ர போர்மைப் பாத்து இவவின்ரயையும் நிரப்பிப்போட்டான். கலியாணமாகாதவ எண்டு. இவ கீழ ஒப்பம் வச்சா. அங்கிள் கொழும்பில இருந்தவர். பேந்து அவரைக் கூப்பிடப்போக, உமக்குத்தான் புருசன் இல்லையே எண்டு கேட்டினமாம். அதைத் திருத்தி அவர் வந்து சேர ஏழு வருசம்.

"எயாப்போட்டில நான் ஆளை அடையாளம் காணேல்லை பிள்ளை. தலை வெள்ளை. அவர்தான் கையைக் காட்டினவர்."

அவைக்குப் பிள்ளையள் இல்லை. ஏன் எண்டு நான் அண்டைக்குத்தான் யோசிச்சன்.

எழும்பிப் பேப்பரை மடிச்சா. அம்மாட்ட நான் கேக்கமாட்டன், அவவாச் சொல்ல வேணுமெண்டாச் சொல்லட்டும் எண்டா. ஆனா இந்தப் பேப்பர் எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டிட்டா. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஏனெண்டா அந்த இடத்தைப் பற்றி நகரசபை வைக்கிற கூட்டத்துக்கு ரெண்டு கிழமைதான் இருந்துது. அன்ரிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவ எழும்பி நிண்டு அண்ணான்ர பேரைச் சொன்னாவெண்டா, அம்மா பேந்து கோயிலுக்குப் போகமாட்டா, பக்டரிக்குப் போகமாட்டா, படியில இறங்கமாட்டா. நான் அப்பிடித்தான் நினைச்சன்.

கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில. மடக்குக் கதிரை, சரியான சனம். பிரெஞ்சிலயும் இங்கிலிசிலயும் மாறி மாறிக் கத்தினவை. ஊசி கிடக்கும், பிள்ளையள் எடுக்கும், வீட்டு விலை விழும், ஏன் எங்கட றோட்டு, கொண்டுபோய் இல்-பிசாரில வையுங்கோ, அங்க இடம் கிடக்கு. நகரசபையால வந்த பொம்பிளை எல்லாத்தையும் எழுதிக்கொண்டிருந்தா. பேந்து தமிழ் ஆக்களின்ர பேப்பர் எண்டு கூப்பிட்டினம். அன்ரி எழும்பினா. அம்மா என்ர கையைப் பிடிச்சா, நகம் உள்ள போச்சு.

அன்ரி மைக்கடியில நிண்டு பேனைக் கயிறை ஒருக்காத் திருகினா. அவவின்ர பிரெஞ்சு வேலைத்தலப் பிரெஞ்சு. செ பாப்பியே பா பொன் எண்டா. இந்தப் பேப்பர் சரியில்லை, நான் தரமாட்டன். ஏன் எண்டு நகரசபைப் பொம்பிளை கேட்டா. இதில ஒரு ஒப்பம் அந்த ஆள் போட்டதில்லை, பிழை என்னில, நான் நிண்டு பாத்து வாங்கேல்லை, ஒண்டு பிழையெண்டா எனக்கு எல்லாம் பிழை. அவ்வளவுதான். பேப்பரைக் கைப்பைக்குள்ள வச்சுச் சிப்பை இழுத்துக்கொண்டு வந்து இருந்திட்டா. எங்கட பக்கம் பாக்கவும் இல்லை.

அம்மான்ர கை இளகிச்சுது.

வெளியில வர எங்கட ஆக்கள் அன்ரியைப் பிடிச்சுக்கொண்டவை. ஒரு ஒப்பத்தை வெட்டிப்போட்டு மிச்சத்தைக் குடுத்திருக்கலாமே எண்டினம். ஆற்ர ஒப்பம் எண்டினம். ரக்சி அண்ணை, மாதாவைக் காட்டி வாங்கினதை இப்ப மனிசி மாதாவுக்கே திருப்பிக் குடுத்திட்டுது எண்டு நக்கலடிச்சார். அன்ரி ஆற்ர பேரையும் சொல்லாமல் கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நடந்தா. கொஞ்சக் காலம் ரெண்டு மூண்டு வீட்டுக்காரர் அவவோட கதைக்கவும் இல்லை.

அடுத்தநாள் அம்மா மூண்டாம் மாடிக்கு ஏறினா. என்ன கதைச்சினம் எண்டு எனக்குத் தெரியாது. இறங்கி வரேக்க முகம் வீங்கிக் கிடந்துது. ஆனா அண்டைக்கு அம்மா நித்திரை கொண்டா. குறட்டை கேட்டுது. நவம்பருக்குப் பிறகு முதல்தரம்.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அங்கிளின்ர காரில நாலு பேரும் அண்ணாவைத் தேடிச் சுத்தினம். பார்க், மெற்றோ வாசல், பாலத்தடி. காணேல்லை.

எங்கட பேப்பர் போகாததாலதான் அந்த இடம் திறந்ததெண்டு நான் சொல்லமாட்டன். எங்கட பேப்பரை ஆர் பெரிசாப் பாத்திருப்பினம்? ஆனா திறந்துது. முதல் பனி கொட்ட ரெண்டு நாளைக்கு முதல். அன்ரிக்கு அப்பவும் பயம்தான், மற்றப் பக்கத்தால சுத்திப் போவா. மூண்டாம் நாள் எங்கட வீட்டை வந்து, அந்தச் சப்பாத்தை எடுங்கோ, போவம் எண்டா. ஒரு கடிதமும் எழுதோணும் எண்டா. நான் பேப்பரை எடுக்க, நீ எழுதாத, அவனுக்கு உன்ர கை தெரியும் எண்டு சொல்லிப் பேனையைக் கழட்டி அம்மாட்டக் குடுத்தா. அம்மா கனநேரம் யோசிச்சு ஒரு வரிதான் எழுதினா. வீட்டை வா ராசா. அம்மா.

நானும் அன்ரியும் போனம். உள்ள சூடு, சூப் மணம், நீட்டு மேசை. மேசையில ஒரு இளம் பொடியன். அண்ணான்ர படத்தைக் காட்டினன். வந்தவரோ வரேல்லையோ எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம், தாய் எண்டாலும் சொல்லமாட்டம், ஆனா விட்டிட்டுப் போங்கோ, வந்தாக் குடுப்பம் எண்டான். எனக்குக் கோபம் வந்துது. அன்ரி இன்னொண்டு கேட்டா, என்னைக் கொண்டு பிரெஞ்சில கேப்பிச்சா. இஞ்ச வாற ஆக்கள் தாங்களே ஒப்பம் போடுறவையோ, இல்லை நீங்கள் போடுறனீங்களோ? அந்தப் பொடியன் முழிச்சான். அவைதான் போடோணும், எழுதத் தெரியாதவை ஒரு கோடு கீறுவினம், அவைக்காக நாங்கள் ஒண்டும் போடுறதில்லை எண்டான். அன்ரி தலையை ஆட்டினா. வீட்டை வரேக்க, பரவாயில்லை, ஒழுங்கான இடம் எண்டா. அண்டைக்கு அவ சுத்தாமல் நேராத்தான் வந்தவ.

பதினாறாம் நாள் ரெலிபோன் அடிச்சுது. நான்தான் எடுத்தன்.

"அம்மாவோ எழுதினது?" எண்டான். ஹலோ இல்லை, ஒண்டும் இல்லை.

"ஓம்."

"நீ இல்லையே?"

"இல்லையடா. அம்மாதான்."

அடுத்த ஞாயிறு வந்தான். மெலிஞ்சு, ஒரு பல்லு இல்லாமல். அந்த ஸ்நோ சப்பாத்தோட கதவடியில நிண்டான். அம்மா என்ன சொல்லப்போறா எண்டு எனக்கு நெஞ்சு அடிச்சுது. அம்மா அவனைப் பாத்தா, நிலத்தைப் பாத்தா. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா, நிலம் துடைச்சிருக்கு எண்டா. பேந்து குசினிக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதா.

படியில அந்தப் பாரமான கால் கேட்டுது. அன்ரி பழைய பேப்பரோட வந்தா. இத்தினை மாசமும் வச்சிருந்திருக்கிறா. அண்ணாவுக்கு முன்னால விரிச்சு, இது உன்ர ஒப்பமோ எண்டு கேட்டா. அண்ணா பாத்திட்டுச் சிரிச்சிட்டான். அந்த இல்லாத பல்லு அப்பத்தான் வடிவாத் தெரிஞ்சுது. இல்லை, இந்தக் கள்ளியின்ர எண்டான். அப்ப வெட்டு எண்டு பேனையைக் குடுத்தா. அவன் கோடு கீற, வெட்டின இடத்தில உன்ர ஒப்பத்தைச் சின்னனா வை, வேலையில அப்பிடித்தான் எண்டா. வச்சான். அதுக்குப் பிறகுதான் அவ இருந்து தேத்தண்ணி குடிச்சவ.

அண்ணா உடன திருந்திட்டான் எண்டு எழுதினா அது பொய். ரெண்டு தரம் திரும்பப் போனவன். ரெண்டு தரமும் அந்த மூலை இடத்துக்குத்தான் போனவன், நாங்கள் இரவில எங்க எங்க எண்டு தேடேல்லை. இப்ப ஒரு அறை எடுத்திருக்கிறான், பாண் பேக்கரியில வேலை. ஆவணி தொடக்கம் குடிக்கேல்லை எண்டு சொல்லுறான்.

அன்ரி செத்த செய்தியைச் சொன்ன அண்டைக்கு அவன் ரெலிபோனை வச்சிட்டான். திரும்பக் குடிச்சிடுவானோ எண்டு எனக்குப் பயம். அன்ரியின்ர உடலைப் பார்வைக்கு வச்ச அண்டைக்கு, வேலை முடிய வாறன் எண்டு மட்டும் சொன்னவன்.

வாசலில வாற ஆக்கள் பேர் எழுதிற புத்தகம் வச்சிருந்தது. அங்கிள் அன்ரியின்ர பேனையைக் கயிறோட அந்த மேசையில கட்டியிருந்தார். அம்மா எழுதினா. நான் எழுதினன். என்ர கை தன்ர பாட்டில கீழ் வரிக்குப் போச்சு, அண்ணான்ர முதல் எழுத்துக்கு. எத்தினை வருசப் பழக்கம். பேனையைத் தூக்கிட்டன். ஒரு வரியை விட்டிட்டு நகந்தன். பின்னால நிண்ட ரக்சி அண்ணை ஏன் பிள்ளை வரி விடுறாய் எண்டு கேட்டார். அண்ணா வாறான் எண்டு சொன்னன். அவர் என்னைப் பாத்திட்டு, அதுக்குக் கீழ தன்ர பேரை எழுதினார். அவற்ற மனிசி தன்ரயைத் தானே எழுதினவ.

ஆக்கள் வந்து வந்து எழுதிச்சினம். பக்கம் நிரம்பிச்சுது. அந்த ஒரு வரி மட்டும் வெள்ளையாக் கிடந்துது. எட்டு மணி. எட்டரை. ஒன்பதுக்குப் பூட்டுவினம். அம்மா செபமாலையை உருட்டுறதை விட்டிட்டு வாசலையே பாத்துக்கொண்டிருந்தா. எனக்கு உள்ளுக்க அந்த மெற்றோ வாங்கு வந்து வந்து போச்சு.

ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கக் கதவு திறந்துது. ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்குது, கோட்டுக் கையில மா. குடிச்ச மணமில்லை, பாண் மணம். நேர அன்ரியின்ர பெட்டியடிக்குப் போகேல்லை. புத்தகத்தடியில நிண்டான், கையைக் காற்சட்டையில துடைச்சான், பேனையை எடுத்தான். மெல்ல எழுதினான்.

அவன் உள்ள போன பிறகு நான் கிட்டப் போய்ப் பாத்தன்.

கடைசி எழுத்தில வால் இல்லை.